கொலென்சோவும் கியூவும்: தாவரக் கடிதங்கள் பற்றிய ஓர் ஆய்வு

1854ஆம் ஆண்டில், இலண்டன் மாநகர்க்கு அணித்தாயுள்ள கியூ என்னுமிடத்திலிருந்து நியூசிலாந்துக்குக் கடிதமொன்று சென்றது. எழுதியவர் யோசேப்பு டால்டன் ஹூக்கர். பெற்றவர் வில்லியம் கொலென்சோ. பன்னத் தாவரங்கள் சிலவற்றைப் புதிய இனங்கள் எனக் கருதிக் கொலென்சோ பெயர் சூட்டியிருந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உலர்தாவரத் தொகுதி இல்லாத குறையால், உலகெங்கும் நன்கறியப்பட்ட பன்னங்களையே அவர் புதியனவென விவரித்துவிட்டார் என்பது ஹூக்கரின் தீர்ப்பு. கடிதம் நட்புரிமையுடன் எழுதப்பட்டதே. ஆயினும் பெற்றவருக்கு அது எளிதில் ஆறாத புண்ணாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாவரவியல் எவ்வாறு நடைபெற்றது என்பதை அறிய விரும்புவோர்க்குப் பெரிய நூல்களினும் இத்தகைய கடிதங்களே சிறந்த சான்றாகும். நூலில் முடிவு மட்டும் இருக்கும். அம்முடிவுக்காக யார் நடந்தார், யார் சுமந்தார், யார் சொல் வென்றது என்பன கடிதத்திலேதான் இருக்கும்.

கொலென்சோ 1811இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் நாட்டிலுள்ள பென்சான்சு நகரிற் பிறந்தவர். அச்சுத்தொழில் பயின்றவர். கிறித்தவ மிசன் சங்கத்தின் அச்சாளராக 1834ஆம் ஆண்டின் இறுதியில் நியூசிலாந்தின் வடதீவை அடைந்தார். மாவோரி மொழியிற் புதிய ஏற்பாட்டை 1837இல் அச்சிட்டு முடித்தவர் இவரே. 1838இல் அங்கு வந்த அலன் கன்னிங்காம் என்னும் தாவரவியலறிஞர் இவருக்குச் செடிகளைப் பார்க்கும் முறையைக் கற்பித்தார். 1841இல் தென்முனைக் கடலாராய்ச்சிக்குப் புறப்பட்ட எரபசு, தெரர் என்னுமிரு கப்பல்களும் தீவுக்குடா எனப்படும் துறையில் மாதக்கணக்கில் தங்கின. எரபசு கப்பலில் வைத்தியத் துணைவராயிருந்த ஹூக்கருக்கு அப்போது வயது 24, அச்சாளருக்கு 29. இருவரும் காடுகளிற் சேர்ந்து அலைந்தனர். தந்தையார் வில்லியம் ஹூக்கரோ அதே ஆண்டில் கியூத் தோட்டத்தின் அதிபராயினார். அன்று தொடங்கிய தொடர்பு, தந்தை மைந்தர் இருவரோடும் பல ஆண்டுகள் நீடித்தது.

இக்கடிதத் தொடர்பின் ஒரு முனையில் நின்றவர் எத்தகையவர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1845ஆம் ஆண்டு பெப்ரவரியில் மாவோரித் துணைவருடன் ருவாகினி மலைத்தொடரில் கொலென்சோ ஏறினார். காட்டெல்லையைக் கடந்து மேலே வந்ததும், அதுவரை தாம் கண்டிராத மலைச்செடிகள் பரந்து பூத்திருக்கக் கண்டார். செடிகளை எடுத்துச் செல்லப் பெட்டியில்லை. தங்கிச் சேகரிக்க நேரமுமில்லை. மேற்சட்டையைக் கழற்றிப் பையாக்கினார். அது நிறைந்ததும் உட்சட்டையை அவ்வாறே ஆக்கினார். அதன்பின் தொப்பியின் உட்புறத்தையும் நிரப்பினார். நாற்பதாண்டுகளின் பின்னர், 1884இல், முதுமையிலே இம்மலைப் பயணங்களை நினைவுகூர்ந்து அவர் எழுதிய கட்டுரையை வாசிப்போர்க்கு அம்மகிழ்ச்சி சிறிதும் மங்கவில்லை என்பது புலனாகும். அவர் நடை நீண்டது. அடிக்கோடும் வியப்புக்குறியும் மலிந்தது. அடிக்கடி வேறு பொருளிற் செல்வது. எனினும் மலைச்சரிவின் குளிரும் பசியும் அதில் உண்டு. ஹூக்கரின் செறிவான நடையில் இவை இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

மலையில் எடுத்த செடி கியூவிற் பெயர் பெறும் முறை இது. சேகரிப்போர் செடியை அழுத்தி உலர்த்தி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, எடுத்த இடத்தையும் நிறத்தையும் உயரத்தையும் குறித்து அனுப்புவர். அதே எண்ணுள்ள இன்னொரு மாதிரியைத் தம்மிடம் வைத்துக்கொள்வர். கப்பல் பல மாதம் செல்லும். கியூவில் உள்ளோர் எண் எண்ணாகப் பார்த்துப் பெயர்ப்பட்டியல் எழுதுவர். அப்பட்டியல் மீண்டும் பல மாதங் கடலிற் கிடந்து வரும். கொலென்சோ அனுப்பிய எண்கள் ஆயிரக்கணக்கில் ஏறின. அவருக்குக் கியூவிலிருந்து நூல்கள் வந்தன, பாராட்டு வந்தது, பெயரும் வந்தது. பணம் பெறும் சேகரிப்பாளர் அல்லர் அவர். ஆதலின் இஃது ஒருவகைப் பண்டமாற்று எனலாம். ஆயின் பண்டமாற்றில் இரு பக்கத்தாரும் ஒரே தராசை ஏற்றுக்கொண்டிருத்தல் வேண்டும். செடியை அனுப்புவதோடு தம் கடமை முடிந்தது என்று கொலென்சோ ஒருபோதும் எண்ணியதில்லை. பெயரிடுவதிலும் தமக்குப் பங்குண்டு என்றே எண்ணினார். ஹூக்கரின் அறிவுரைக்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1845இல், தாம் கண்ட புதிய பன்னங்களை விவரித்துத் தசுமேனியாவின் இயற்கையறிவுச் சஞ்சிகையில் அவர் கட்டுரை வெளியிட்டிருந்தார்.

ஹூக்கரின் கொள்கையை அறியாது அவரைக் கடிந்துரைத்தல் நீதியன்று. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த நம் புலவர் பட்ட பாட்டை அறிந்தோர்க்கு அது எளிதில் விளங்கும். ஓரேட்டை மட்டும் கண்டவருக்கு அதிலுள்ள ஒவ்வொரு வேறுபாடும் புதுப் பாடமாகவே தோன்றும். பல ஊர் ஏடுகளை ஒருங்கு வைத்து நோக்கியவரே, இஃது எழுதினோர் பிழை, இது சிதைவு, இதுவே உண்மைப் பாடபேதம் எனப் பகுத்துரைக்க வல்லவர். செடியின் நிலையும் இதுவே. நிழலில் வளர்ந்த பன்னத்தின் இலை நீளும். காற்று வீசும் மேட்டில் அதுவே குறுகித் தடிக்கும். நியூசிலாந்தில் மட்டும் பார்ப்பவர் இரண்டு இனம் என்பார். தசுமேனியா, சிலி, தென்கடல் தீவுகள் ஆகிய பலவிடங்களின் மாதிரிகளை ஒரே மேசையிற் பரப்பியவர், இடையிலுள்ள வடிவங்களையெல்லாம் கண்டு, ஒன்றே என்பார். 1853இல் வெளிவந்த நியூசிலாந்துத் தாவர நூலின் முகவுரையில் ஹூக்கர் நிலைநாட்ட முயன்றது இதனையே. இதிற் செயல்முறைச் சிக்கலும் ஒன்றுண்டு. விவரணத்தோடு அச்சேறிய பெயரை எவரும் இல்லையென ஆக்க முடியாது. அது பிழையெனக் கண்டாலும், பின்வரும் ஒவ்வோர் ஆராய்ச்சியாளரும் அதனைத் தேடி, மூல மாதிரியைப் பார்த்து, இன்ன இனத்தின் மறுபெயர் என்று எழுதியே தீரவேண்டும். ஒருவர் அவசரத்தில் சூட்டிய பெயர் நூறாண்டுக்குப் பிறர் தலையிற் சுமையாகும்.

இன்னொரு காரணம் இவற்றினும் ஆழமானது. ஹூக்கருக்கு இனங்களின் கணக்கே கொள்கையின் அத்திவாரம். இதனைச் சார்ல்சு தார்வினுடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தே நன்கு காட்டும். 1835இல் கலாபகசுத் தீவுகளில் தார்வின் சேர்த்த செடிகள், கேம்பிரிட்சிலிருந்த என்சுலோ என்னும் பேராசிரியரிடம் பல ஆண்டுகள் முற்றாக ஆராயப்படாது கிடந்தன. தென்முனைப் பயணம் முடித்து 1843இல் மீண்ட ஹூக்கரிடம் அவை ஒப்படைக்கப்பட்டன. குருவிகளைச் சேர்க்கும்போது தீவு வேறுபாட்டைக் குறிக்கத் தவறிய தார்வின், செடிகளைப் பெரும்பாலும் தீவுவாரியாகவே பிரித்து வைத்திருந்தமை நற்பேறே. ஹூக்கர் தந்த முடிவுகளைத் தம் பயண நூலின் 1845ஆம் ஆண்டுப் பதிப்பில் தார்வின் பட்டியலிட்டார். யேம்சுத் தீவில், உலகில் வேறெங்கும் காணப்படாத கலாபகசுச் செடிகள் 38. அவற்றுள் 30 அவ்வொரு தீவுக்கே உரியன. அல்பமாள் தீவில் அத்தகைய செடிகள் 26; அவற்றுள் 22 அத்தீவுக்கே உரியன. அருகருகே கிடக்கும் தீவுகளில் வெவ்வேறு இனங்கள் ஏன் தோன்றின என்னும் வினா இவ்வெண்களிலிருந்தே வலுப்பெற்றது. இனம் எது, பேதம் எது என்பதில் ஹூக்கரின் கண் பிழைத்திருந்தால் இக்கணக்கு முழுவதும் சரிந்திருக்கும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இனங்களைச் சேர்ப்பவர் என்று பெயரெடுத்த ஹூக்கரே கலாபகசில் இனங்களைத் தீவுதீவாகப் பிரித்தார். அத்தீவுகளை அவர் கண்டதில்லை. முன்னிருந்தவை பிறர் உலர்த்தி அனுப்பிய மாதிரிகளே. பிரிக்கவேண்டிய இடத்திற் பிரிக்கும் துணிவு அவர்க்கும் இருந்தது என்பதே பொருள்; அத்துணிவைப் பிறர்க்கு அளிப்பதிலேதான் தயக்கம்.

தார்வினின் அனுபவமும் ஹூக்கருக்கு நேரே தெரிந்திருந்தது. 1846 தொடங்கி எட்டாண்டுகள் பாறைகளில் ஒட்டி வாழும் கடலுயிர்களாகிய பேர்ணக்கிள்களை ஆராய்ந்த தார்வின், 1853ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் தம் அவதியை அவருக்கு எழுதினார். ஒரு கூட்டத்தைப் பல இனமென விவரித்து, எழுதியதைக் கிழித்து, ஒன்றெனச் சேர்த்து, அதனையும் கிழித்து, மீண்டும் பிரித்து, இதற்கு என்ன பாவஞ் செய்தோமென்று பல்லைக் கடித்ததாக அவர் கூறுவது நகைப்பையும் இரக்கத்தையும் ஒருங்கே தருவது. இக்கடிதத்தைப் பெற்ற அடுத்த ஆண்டிலேதான் ஹூக்கர் கொலென்சோவுக்கு அத்தீர்ப்பை எழுதினார் என்பதை இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்போர் மறக்கமாட்டார். ஆண்டுகள் பல ஒரே உயிர்க்கூட்டத்தில் உழைத்தவரே முடிவுகாணாது தத்தளிக்கின்றார். கியூவிலிருந்து செல்லும் கடிதத்திலோ அத்தத்தளிப்பின் நிழலும் இல்லை. நண்பர்க்கு நண்பர் எழுதும்போது ஐயம் வெளிப்படுகிறது. மேலிருந்து கீழே எழுதும்போது அது மறைக்கப்படுகிறது.

பிரிப்போரும் வேண்டும், சேர்ப்போரும் வேண்டும் என்று 1857இல் தார்வின் ஹூக்கருக்கு எழுதினார். இரண்டாண்டின் பின் வெளிவந்த இனங்களின் தோற்றம் பற்றிய நூலில், அறிஞர் இருவர் ஒரே செடியை ஒருவர் இனமென்றும் மற்றவர் பேதமென்றும் கூறி மாறுபடுதலையே தம் கொள்கைக்குச் சான்றாக அவர் காட்டினார். இனத்துக்கும் பேதத்துக்கும் இடையே திட்டமான வரம்பு இல்லாமையாலேதான் இம்மாறுபாடு ஓயாது என்பது அவர் வாதம். அவ்வாறாயின், கொலென்சோவின் பிழை எனப்பட்டதில் ஒரு பகுதி அவர் பிழையன்று. பொருளின் இயல்பே அது.

இனிக் கொலென்சோவின் பக்கம். உயிருள்ள செடியை ஆண்டு முழுவதும், தளிரும் பூவும் காயுமாகக் கண்டவருக்குத் தெரிவது, தாளில் ஒட்டிய சருகைக் காண்பவருக்குத் தெரியாது என்பதே அவர் நிலைப்பாடு. நிறம் உலர்கையில் மாறும், மணம் போகும், மரத்தின் தோற்றமும் வாழும் சூழலும் தாளில் ஏறுவதில்லை. அத்துடன் மாவோரி மக்களோடு பல்லாண்டு வாழ்ந்து அவர் மொழியைக் கற்றவர் அவர். ஐரோப்பியர் ஒரே செடியெனக் கருதிய இரண்டுக்கு அம்மக்கள் இருபெயர் வழங்குதலும், உணவுக்கு ஒன்றையும் நாருக்கு மற்றதையும் கொள்ளுதலும் அவர் அறிந்தவை. நியூசிலாந்தில் 1865இல் நடைபெற்ற கண்காட்சிக்கென வடதீவின் தாவரங்கள் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், உள்ளூரில் வாழ்ந்து பார்ப்போரின் கண்ணுக்கு உரிய மதிப்பை அளிக்கவேண்டும் என்ற குரல் தெளிவாகக் கேட்கிறது.

சிம் எண்டர்சுபி 2008இல் வெளியிட்ட நூலில் இவ்விருவர் கடிதங்களையும் விரிவாக ஆராய்ந்து, சேர்ப்பவரின் கொள்கையும் பேரரசின் நடுவிடத்தில் இருந்தோரின் வசதியும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையை நன்கு காட்டினார். அவ்விளக்கம் பெரும்பாலும் ஏற்கத்தக்கதே. ஆயினும் அதிகாரம் என்ற ஒன்றினால் மட்டும் இக்கடிதங்களை விளக்க முற்பட்டால் ஒரு முக்கிய செய்தி நழுவிவிடும். 1854இல் விவாதத்துக்குள்ளான பன்னங்களைப் பொறுத்தவரை ஹூக்கர் கூறியதில் உண்மை இருந்தது. கொலென்சோ புதியனவென்றவற்றுட் பல, பிறநாடுகளில் ஏலவே அறியப்பட்டவையே. ஆதலால் வினா இதுவாகும்: உண்மை கூறியவர் அதனைக் கூறிய முறையிலே நீதி இருந்ததா? ஒப்பிட்டுப் பார்க்கத் தொகுதி இல்லை என்று குறைகூறப்பட்டவர், அத்தொகுதியைப் பெருக்குவதற்காகவே மலையேறிச் சட்டையைக் கழற்றியவர். அவர் சேர்த்தவை கியூவை அடைந்தமையாற் கியூ ஒப்பிடும் ஆற்றல் பெற்றது. இல்லாமை அவர் குற்றமன்று. அத்தொடர்பின் அமைப்பே அது. நூலும் மாதிரியும் ஒரு திசைக்கே பெரிதும் ஓடும்போது, அறிவும் அத்திசையிலேயே தேங்கும். இதனை ஹூக்கர் அறியாதவர் அல்லர். அறிந்தும் ஒரு சொல்லாவது எழுதியிருக்கலாம் என்றே கடிதத்தைப் படிப்போர்க்குத் தோன்றும்.

வேறுவகையாகவும் நடந்திருக்கலாம் என்பதற்கு இலங்கையே சான்று. பேராதனைத் தோட்டத்தை 1849 முதல் 1880 வரை நடத்திய துவெயிற்சு, இலங்கைச் செடிகளை எண்ணிட்டு, ‘சி. பி.’ என்ற எழுத்துக்களோடு ஐரோப்பியத் தொகுதிகளுக்கு அனுப்பினார். அவரும் கியூவின் உதவியையே நாடினார். ஆனால் 1858க்கும் 1864க்கும் இடையில் வெளிவந்த இலங்கைத் தாவரக் கணக்கின் முகப்பில் ஆசிரியர் பெயர் துவெயிற்சுடையதே. இனங்களையும் மறுபெயர்களையும் தீர்மானிப்பதில் துணைநின்றவராகவே ஹூக்கர் குறிக்கப்படுகின்றார். காரணம் தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. பேராதனையில் தோட்டம் இருந்தது, தொகுதி இருந்தது, நூல் இருந்தது, அரசின் சம்பளமும் இருந்தது. சமயப்பணிக்காகக் காடுமலை கடந்து நடந்தவரிடம் இவற்றுள் எதுவுமில்லை. துவெயிற்சின் முறையும் குறையற்றதன்று. வெவ்வேறிடங்களில் வெவ்வேறாண்டுகளில் எடுத்தவற்றையும் ஓரினமெனக் கொண்டால் ஒரே எண்ணின்கீழ் அவர் இட்டுவிடுவார். அதனால் எது மூலமாதிரி எனத் தெளியப் பின்வந்தோர் இடர்ப்பட்டனர். அவருக்குப்பின் பேராதனைக்கு வந்த திரைமன், இலங்கைத் தாவரக் கைநூலில் சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே தந்தார். 1896இல் அவர் இறந்தபோது நூல் முற்றுப்பெறவில்லை. எஞ்சிய பகுதிகளை எழுதி 1898இலும் 1900இலும் வெளியிட்டவர், எண்பது வயதைக் கடந்த அதே ஹூக்கர். இளமையிற் கடுமையாய் எழுதிய கை, முதுமையில் இன்னொருவர் திட்டத்துக்குப் பணிந்து இத்தீவின் புல்லினங்களை விவரித்தது.

கொலென்சோவோ 1852இல் தம் வாழ்விலேற்பட்ட ஒழுக்கத் தவறு காரணமாகச் சமயப்பணியிலிருந்து விலக்கப்பட்டார். 1866இல் இலண்டன் வேத்தியற் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசியலிலும் கல்விப் பரிசோதகர் பதவியிலும் சில காலம் கழிந்தபின், 1880களில் மீண்டும் செடிகளுக்குத் திரும்பினார். இம்முறை கியூவின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. 1899இல் நேப்பியரில் இறக்கும்வரை, நியூசிலாந்துக் கழகத்தின் சஞ்சிகையில் இனத்தின்மேல் இனமாகப் பெயரிட்டுக்கொண்டே இருந்தார். அவற்றுட் பெரும்பாலானவற்றை 1906இல் சீசுமன் என்பவர் தம் நூலில் மறுபெயர்களாக ஒதுக்கினார். இதில் வருத்தம் உண்டெனினும் அநீதி இல்லை. முதுமையின் அவசரம் அப்பெயர்களிற் பலவற்றிலே தெரிகிறது.

எனினும் கணக்கு அத்துடன் முடியவில்லை. ஹூக்கர் தம் நூலில், மிகப் பலவாறு மாறுபடும் ஒரே இனமென லொமேரியா புரொசெரா என்ற பெயரின்கீழ்ப் பல பன்னங்களை அடக்கியிருந்தார். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூசிலாந்தில் வாழ்ந்தே அவற்றை ஆராய்ந்தோர், அக்கூட்டத்தினுள் வெவ்வேறு இனங்கள் பல அடங்கியிருத்தலைக் கண்டு பிரித்தனர். ஹூக்கர் நண்பரைப் பெருமைப்படுத்த 1852இல் ஒரு சாதிக்குக் ‘கொலென்சோவா’ எனப் பெயரிட்டிருந்தார். கன்னிங்காம் முன்னர் லொபீலியாச் சாதியில் வைத்திருந்த பெரிய இலையும் நீலப்பூவும் உடைய செடியே அதன் இனம். அச்சாதி தனித்து நிற்கத்தக்கதன்று எனக் கண்ட பின்வந்த தாவரவியலார் அதனை மீண்டும் லொபீலியாவிலே சேர்த்துவிட்டனர். நியூசிலாந்துத் தோட்டக்காரர் சிலர் இன்னும் அதனைக் கொலென்சோவா என்றே அழைக்கின்றனர். அதன் மாவோரிப் பெயர் கொரு.